கோடைக் காடைக்கு முதலில் நிழலும் நீரும், பிறகே என்சைம்

சித்திரை பிறந்தால் ஆத்தூர் வட்டாரத்தில் முட்டைக் காடை வளர்ப்போருக்குக் கவலையும் பிறந்துவிடுகிறது. மலையடிவாரம், பக்கத்திலேயே காமராஜர் அணை என்றாலும் தகரக் கொட்டகைக்குள் அடைபட்ட காடைக்கு அதனால் குளிர்ச்சி வந்துவிடாது. முட்டை குறைகிறது. இட்ட முட்டையும் ஓடு மெலிந்து கையிலேயே நொறுங்குகிறது. இந்த வேளை பார்த்துத்தான் ‘என்சைம் கலந்து கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று பொட்டலங்கள் விற்பனைக்கு வருகின்றன. என்சைம் பயனற்ற பொருள் அல்ல. ஆனால் வெயிலுக்கு அது மருந்தும் அல்ல. இந்த வேறுபாட்டை உணராமல் வாங்கினால் சிறு பண்ணையாளருக்குப் பண நட்டமே மிஞ்சும்.

ஜப்பானியக் காடை 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு தமிழகத்தில் ‘நந்தனம் காடை’ போன்ற இரகங்கள் உருவாயின. 6 அல்லது 7 வாரத்திலேயே முட்டையிடத் தொடங்கும் இப்பறவையின் எடை சுமார் 200 கிராம். அது இடும் முட்டையோ சுமார் 10 கிராம். தன் எடையில் இருபதில் ஒரு பங்கை ஏறக்குறைய நாள்தோறும் முட்டையாகத் தரும் பறவைக்கு, தீனி சற்றே குறைந்தாலும் முட்டையில் தெரிந்துவிடும்.

காடைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணித்துக் கொள்கிறது. அளவுக்கு மீறி இரைக்கும்போது கரியமில வாயு உடலிலிருந்து மிகுதியாக வெளியேறிவிடுகிறது. அதனால் இரத்தத்தின் காரத் தன்மை கூடி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. ஓடு மெலிவதற்கு இதுவே முக்கியக் காரணம். தீனி செரிக்கும்போதும் உடலில் சூடு உண்டாவதால் வெயில் நேரத்தில் காடை தானாகவே தீனியைக் குறைத்துக் கொள்கிறது.

ஒரு சிறு கணக்குப் பார்க்கலாம். 20 சதவிகிதம் புரதமுள்ள தீவனத்தில் 30 கிராம் தின்னும் காடைக்கு நாளொன்றுக்கு 6 கிராம் புரதம் கிடைக்கும். வெயிலில் அது 25 கிராம் மட்டுமே தின்றால் கிடைப்பது 5 கிராம்தான். ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தீவனத்தின் செரிமானத்தை என்சைம் சில சதவிகிதமே உயர்த்தும். ஆறில் ஒரு பங்கு பள்ளத்தை அதனால் மட்டும் நிரப்ப முடியாது.

அப்படியானால் என்சைம் எங்கே உதவும்? தவிடு, கோதுமை, கம்பு போன்றவற்றில் காடையால் செரிக்க முடியாத நார்ச்சத்து உண்டு. சைலனேஸ் என்ற என்சைம் அதை உடைக்கும். தவிட்டிலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பைட்டிக் அமிலத்தோடு பிணைந்து கிடக்கிறது. பைட்டேஸ் என்ற என்சைம் அதை விடுவித்துக் கொடுக்கும். ஆகவே தவிடும் புண்ணாக்கும் மிகுதியாகச் சேர்த்துத் தாமே தீவனம் அரைப்போருக்கு என்சைம் ஏற்றது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்குமே பெரும்பகுதியான தீவனத்தில் சைலனேசின் பலன் குறைவாகவே இருக்கும். கம்பெனி மூட்டைத் தீவனம் வாங்குவோர் அதில் முன்பே என்சைம் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். சேர்ந்திருந்தால் மேலும் கலப்பது வீண் செலவு.

வாங்கிய என்சைமையும் பக்குவமாகக் கையாள வேண்டும். அது சூட்டில் கெடும் பொருள். தகரக் கூரையின் அடியில் வைக்கக் கூடாது. கொதிநீரில் கரைக்கக் கூடாது. முதலில் ஒரு படி மாவில் நன்கு கலந்து, பிறகு அதைப் பத்துப் படியில் கலந்து, அதன் பின்னரே மொத்தத் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

ஆனால் பணம் செலவிடும் வரிசை வேறு. ஆத்தூர், அய்யம்பாளையம் பகுதியில் தென்னங்கீற்றுக்குப் பஞ்சமில்லை. முதல் செலவு கூரை மேல் கீற்றுப் பரப்புவதற்கு. இரண்டாவது, நாள் முழுதும் குளிர்ந்த குடிநீர். வெயிலில் கிடக்கும் குழாயில் வரும் சுடுநீரைக் காடை குடிக்காது. மூன்றாவது, தீனி நேரத்தை மாற்றுவது. முட்டைக் காடைக்கு நாளொன்றுக்கு 16 மணி நேர வெளிச்சம் தேவை. விடியற்காலை 4 மணிக்கே விளக்கேற்றினால் குளிர்ச்சியில் நன்றாகத் தின்னும். உச்சி வெயிலில் தீனியை எடுத்துவிட்டு, மாலையில் கிளிஞ்சல் தூளோடு மீண்டும் வைக்கலாம். நான்காவது, வைட்டமின். துருக்கியின் ஃபிராட் பல்கலைக்கழகத்தில் 34 டிகிரி செண்டிகிரேட் வெப்பத்தில் வைத்த முட்டைக் காடைகளுக்கு வைட்டமின் சி, ஈ கொடுத்து நடந்த சோதனைகளில் நல்ல பலன் தெரிந்தது. இவற்றுக்குப் பின் கையில் பணம் இருந்தால் என்சைமுக்குப் போகலாம்.

அப்போதும் விற்பவர் சொல்லை நம்புவதைவிடச் சொந்தக் கொட்டகையில் சோதிப்பதே மேல். ஒரே வயதுக் காடைகளை 50, 50 ஆக இரு கூண்டுகளில் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் என்சைம் கலந்து, நான்கு வாரம் முட்டை எண்ணிக்கை, உடைந்த முட்டை, தீவன எடை ஆகியவற்றைக் குறித்து வர வேண்டும். கூடுதல் முட்டையின் விலை என்சைம் விலையைத் தாண்டினால் தொடரலாம், தாண்டாவிட்டால் நிறுத்திவிடலாம். தீவனக் கலவையை மாற்றும் முன் திண்டுக்கல்லிலுள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தை அணுகுவது நல்லது.

விற்பனையாளருக்கும் ஒரு கடமை உண்டு. எந்த என்சைம், எந்தத் தீவனத்துக்கு, எவ்வளவு என்பதைப் பொட்டலத்தின் மேல் தமிழில் அச்சிட வேண்டும். அதைச் சொல்லாத பொட்டலத்தைப் பண்ணையாளர் வாங்காமல் இருப்பதே முறை.