இருமல் மருந்தில் இனிப்பு நஞ்சு!

திருப்போரூரில் இருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஆலத்தூர் இருக்கிறது. கடற்கரைக் கோவிலைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஊரைக் கவனிப்பது இல்லை. ஆனால் இங்கேதான் சிட்கோ மருந்துத் தொழிற்பேட்டை உள்ளது. சுற்று வட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவது மருந்துத் தொழிலால்தான்.

அந்தத் தொழிலுக்கே 2025-ல் தலைகுனிவு வந்தது. குற்றம் நடந்த இடம் ஆலத்தூர் அல்ல. பக்கத்துக் காஞ்சீபுரம் மாவட்டத்தில் உள்ள சுங்குவார்சத்திரம். (2019 வரை இரண்டு ஊரும் ஒரே மாவட்டம்தான்!)

அங்கே ஸ்ரீசன் என்ற கம்பெனி "கோல்ட்ரிப்" என்ற இருமல் மருந்தைத் தயாரித்தது. மத்தியப் பிரதேசத்தில், சிந்த்வாரா பக்கத்துக் குழந்தைகள் அதைக் குடித்தார்கள். சளி போகும் என்றுதான் தாய்மார்கள் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் கெட்டது. 20-க்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர்.

பீப்பாயில் வந்தது

மருந்தைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைகால் என்ற திரவத்தைச் சேர்ப்பார்கள். அதற்கு ஓர் உறவுக்காரன் உண்டு. பெயர் டைஎத்திலீன் கிளைகால். மோட்டார் பிரேக் எண்ணெயிலும் மையிலும் சேர்வது. விலை குறைவு. நிறம் இல்லை. இனிப்பாகவும் இருக்கும்! நாக்குக்கு வித்தியாசம் தெரியாது.

சோதனைச்சாலைக்குத் தெரியும். திரவத்தை ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாயில் செலுத்துகிறார்கள். செங்கல்பட்டில் ஒரே பஸ்சில் ஏறியவர்களில் சிலர் திருக்கழுக்குன்றத்திலும், சிலர் மாமல்லபுரத்திலும் இறங்குவார்கள் அல்லவா? அதுபோல ஒவ்வொரு பொருளும் குழாயை விட்டுத் தன் தன் நேரத்தில் வெளியே வரும். எது, எவ்வளவு என்று கருவி காட்டிவிடும்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை. விடுமுறை என்று பாராமல் தமிழக அதிகாரிகள் மருந்தை எடுத்துச் சோதித்தார்கள். மறுநாளே முடிவு வந்தது. 100 மில்லி மருந்தில் 48.6 கிராம் நஞ்சு! இருக்கக்கூடிய எல்லை 0.1. கம்பெனி உரிமம் ரத்து ஆனது, உரிமையாளர் கைதானார்.

ஒரே நாள் வேலை! அந்த ஒரு நாளை, பீப்பாய் வந்து இறங்கியபோதே செலவழித்து இருந்தால்?

மூலப்பொருளைக் கம்பெனியே சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கத்தான் இருக்கிறது. விதி ஏட்டில் இருந்தது. பாடமும் புதிது அல்ல. இதே நஞ்சு 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது. 1972-ல் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் பலி. 1986-ல் பம்பாய்.

யார் பிள்ளைக்கு?

2022-ல் காம்பியா நாட்டில் குழந்தைகள் இறந்த பிறகு, இந்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. 2023 ஜூன் 1 முதல், இருமல் மருந்தை வெளிநாட்டுக்கு அனுப்பச் சோதனைச்சாலைச் சான்று கட்டாயம். நல்லது. ஆனால் சிந்த்வாராவுக்குப் போன மருந்துக்கு அப்படி ஒரு சான்று தேவைப்படவில்லை. கப்பலில் போகும் பாட்டிலுக்கு ஒரு நியாயம், லாரியில் போகும் பாட்டிலுக்கு ஒரு நியாயமா?

"சின்னக் கம்பெனிகளுக்குச் செலவு கட்டுமா?" என்று கேட்பார்கள். கட்டும். ஒரு தகட்டில் துளி வைத்துப் பார்க்கும் மலிவான சோதனை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே முறை வகுத்துக் கொடுத்து உள்ளது. பெரிய கருவி வேண்டும் என்றால், ஆலத்தூர் போன்ற பேட்டைகளில் பத்துக் கம்பெனிகள் சேர்ந்து ஒன்று வாங்கட்டுமே! சான்று இல்லாத பீப்பாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஆலையை மூட வேண்டும். ஒழுங்காகத் தொழில் நடத்துகிறவர்களே இதை முதலில் கேட்க வேண்டும். ஊர்ப் பெயர் கெட்டால் அவர்கள் சரக்கும்தான் விலை போகாது.

வீட்டில் இருப்பவர்கள் பாட்டிலைப் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே வேண்டாம் என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் கூறி உள்ளது. பாட்டிலில் பேட்ச் நம்பர் அச்சிட்டு இருக்கும். மருந்து தீரும் வரை அதைக் கிழிக்காதீர்கள். மருந்து கொடுத்த பிறகு குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.