பூட்டும் சாவியும்

பூட்டுக்குப் பேர்போன நமது திண்டுக்கல்லில் எந்தப் பட்டறைக்காரரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். பூட்டுக்கு முன்னால் கைகூப்பி நின்றால் அது திறக்காது, அதன் உள்ளமைப்பை அறிந்தவனே சாவி செய்வான் என்றுதான் சொல்லுவார். இந்தச் சாதாரண அறிவு நமது தேசபக்தர்களுக்கு ஏனோ எட்டுவதில்லை.

செயற்கை நுண்ணறிவு என்னும் யந்திர மூளைக்காக இன்று வல்லரசுகள் போட்டியிடுகின்றன. அதற்கு வேண்டிய உயர்ந்த ரகச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்கக்கூடாதென்று அமெரிக்க சர்க்கார் 2022 அக்டோபரில் தடை போட்டது. 2025 ஜனவரியில், 18 நேச நாடுகளுக்கு மாத்திரம் தாராளம், மற்றவற்றிற்கு அளவு என்று ஒரு விதி வகுத்தது. அந்தப் பதினெட்டில் இந்தியா இல்லை. மே மாதத்தில் அவ்விதி கைவிடப்பட்டதென்றாலும், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம் என்பது விளங்கிவிட்டதல்லவா?

அறிவைப் பூட்டிவைப்பது அக்கிரமந்தான். ஆனால் நாம் ஒன்று கேட்கின்றோம். சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்பதும் குற்றமென்று சாத்திரம் எழுதி, பெரும்பகுதி மக்களுக்குக் கல்வியைப் பூட்டிவைத்தது யார்? அமெரிக்கனா? அந்நியன் பூட்டினால் அக்கிரமம், வருணாசிரமம் பூட்டினால் தருமம் என்பது எந்த ஊர் நியாயம்?

இதற்கு முன்னும் நமக்கு இப்படியொரு பூட்டு விழுந்ததுண்டு. கிரையோஜெனிக் என்னும் ராக்கெட் இஞ்சின் நுட்பத்தை ரஷ்யாவிடம் பெற 1991-ல் ஒப்பந்தமாயிற்று. 1992-ல் அமெரிக்கா இருதரப்பு ஸ்தாபனங்கள் மீதும் தடை விதித்தது. மறுவருஷம் ரஷ்யாவும் நுட்பத்தைத் தர மறுத்துவிட்டது. பிறகு நம்மவர்களே இஞ்சின் செய்து, திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் சோதித்தார்கள். 2010 ஏப்ரலில் அதை வைத்துப் பறக்கவிட்ட ராக்கெட் தோற்றது. 2014 ஜனவரி 5-ந் தேதி வென்றது. அந்த வெற்றியைத் தந்தது பரிகாரமா? அல்ல, பழுது எதுவென்ற ஆராய்ச்சியே. அப்படியிருந்தும் ராக்கெட்டின் மாதிரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுகின்றார்கள்! ஏழுமலையான் செய்துகொடுப்பவனானால் இருபத்திரண்டு வருஷம் ஏன் காக்கவைத்தான்?

தோழர்களே! யந்திர மூளைக்கென்று மத்திய மந்திரிசபை 2024 மார்ச்சில் ரூ.10,300 கோடிக்கு மேல் ஒப்புக்கொண்டது. அது நமது வரிப்பணம். அதனால் விளையும் அறிவு நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பிள்ளைகளுக்கும் வந்து சேருமா, நாலு பேர் வீட்டிலேயே தங்கிவிடுமா என்பதே நமது கேள்வி. ஆதலால் ஆணையும் பெண்ணையும் கணக்கும் விஞ்ஞானமும் படிக்க வையுங்கள். உண்டியலில் போடும் காசைப் புத்தகத்திற்குக் கொடுங்கள். அந்நியன் போட்ட பூட்டுக்கும் நம் வீட்டிலேயே போட்ட பூட்டுக்கும் சாவி ஒன்றுதான். அது பகுத்தறிவு.