‘அதிகம் அறியப்படாத இடங்கள்’: யாரால் அறியப்படாதவை?

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் நம் பக்கங்களில் ஒரு பட்டியல் வலம்வரத் தொடங்குகிறது: ‘ஒரே நாளில் பார்த்துத் திரும்பத்தக்க, அதிகம் அறியப்படாத கடற்கரை இடங்கள்.’ பயண முகவர்கள் இதைப் பகிர்வதில் எனக்கு வழக்கில்லை. அது அவர்கள் பிழைப்பு. கருத்தரங்க அழைப்பிதழ்களிலும், ‘மூன்றாம் நாள்: உள்ளூர்ச் சுற்றுலா’ என்ற தலைப்பின்கீழ், இதே சொற்றொடர் இடம்பெறுவதுதான் என்னை எழுத வைக்கிறது. அறிவதையே தொழிலாகக் கொண்ட நாம் ‘அறியப்படாத’ என்னும் சொல்லை இவ்வளவு எளிதாகக் கையாளலாமா?

நான் ஆய்வு செய்யும் விசாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்கிறேன். இங்கிருந்து வடக்கே பீமுனிப்பட்டினம் வரை செல்லும் கடற்கரைச் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அதையொட்டித் தொட்லகொண்டா, பாவிகொண்டா என்னும் இரு பௌத்தக் குன்றுகள். எர்ரமட்டி திப்பலு என்னும் செம்மணல் மேடுகள். சாலை முடியுமிடத்தில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம். பட்டியல் போடுவோருக்கு இதைவிட வாய்ப்பான வழித்தடம் அமையாது. காலையில் புறப்பட்டு, நான்கு இடங்களிலும் படமெடுத்து, மாலைத் தேநீருக்குத் திரும்பிவிடலாம்.

தொட்லகொண்டாவைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ஒரே செய்தியுடன் தொடங்கும்: 1976இல் கடற்படையின் வான்வழி ஆய்வின்போது அது ‘கண்டுபிடிக்கப்பட்டது’. 1988 முதல் 1993 வரை மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. தூபியும் விகாரமும் ரோமானிய வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. ஆனால் அந்தப் பெயரைச் சற்றே கவனியுங்கள். தெலுங்கின் ‘தொட்டி’ நம் தொட்டியேதான். ‘கொண்டா’ என்பது குன்று. பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளைக் கொண்ட குன்று என்பது பொருள். பாவிகொண்டா, கிணறுகளின் குன்று. இப்பெயர்களைக் கடற்படை சூட்டவில்லை. அந்தக் குன்றுகளில் ஏறியிறங்கிய ஊர்மக்கள் சூட்டினார்கள். மேலே தொட்டிகள் இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாதிருந்தவர்கள் நாம். கல்வெட்டைப் படிக்கப் பயின்ற நமக்கு ஓர் ஊர்ப்பெயரைப் படிக்கத் தோன்றவில்லை.

இதே குன்றை ஆராய்ந்து 2006இல் நூல் வெளியிட்ட லார்ஸ் ஃபோகெலின் தூபியின் முன்னே நின்றுவிடவில்லை. சுற்றியுள்ள சரிவுகளில் நடந்து, கற்குவைகளையும் குடியிருப்புத் தடயங்களையும் பதிவு செய்தார். துறவிகள் உலகை விட்டு முற்றிலும் ஒதுங்கி வாழ்ந்தார்கள் என்ற வழக்கமான சித்திரத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்தியது அந்த நடைதான். அரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கும் குழுவுக்கு அக்கற்குவைகள் வெறும் கற்கள்.

எர்ரமட்டி திப்பலுவின் நிலை இன்னும் கவலைக்குரியது. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிகளைக் கண்டவர்களுக்கு இச்செம்மணல் அந்நியமாகத் தோன்றாது; இரண்டும் ஒத்த வகைப் படிவுகள். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் குவிந்த மணல், இரும்புச் சேர்மங்களால் சிவந்து, மழைநீரால் அறுபட்டு ஓடைகளும் முகடுகளுமாக நிற்கிறது. நன்கு இறுகாத மணல் அது. நாம் ஏறும்போது சரிவது மீண்டும் மேலேறாது. தேசியப் புவிப் பாரம்பரியச் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வகம் இதனை முன்பே அங்கீகரித்திருந்தது. இருந்தும் 2024இல் மேடுகளின் ஒரு பகுதி வீட்டுமனைகளுக்காக இயந்திரங்களால் சமன்செய்யப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகே வேலை நின்றது. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இது இடம்பெற்றது அதற்கும் பின்னர், 2025இல்.

‘பலர் வந்தால்தான் பாதுகாப்பு கிடைக்கும், ஊருக்கும் வருமானம் வரும்’ என்று நண்பர்கள் வாதிடுவார்கள். யாரும் எட்டிப்பார்க்காத சின்னங்கள் சத்தமின்றி அழிகின்றன என்பது மெய்யே. ஆனால் செம்மணல் மேடுகளுக்குப் புகழ் குறைவாகவா இருந்தது? சுற்றுலாப் பயணிகளும் படப்பிடிப்புக் குழுக்களும் ஆண்டுக்கணக்கில் வந்துபோன இடம் அது. அந்தப் புகழ் இயந்திரத்தின் முன் வந்து நிற்கவில்லை. அம்மணல் இன்னதென்று அறிந்து, அதற்காக முறையிடத் துணிந்தவர்கள்தான் நின்றார்கள். பயணிகளுக்குப் பஞ்சமில்லாத தொட்லகொண்டாவிலும் 2019 அக்டோபர் மழையில் மகாதூபி சரிந்ததை மறக்க வேண்டாம். வருமானத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன்: காலையுணவையும் இரவுணவையும் நகரத்தில் உண்ணும் ஒருநாள் பயணி, இடைப்பட்ட மீனவர் குப்பத்தில் விட்டுச்செல்வது பெரும்பாலும் தண்ணீர்ப் புட்டிகளைத்தான்.

பயணங்களை நிறுத்தச் சொல்லவில்லை. கல்விப்புலத்தின் பயணம் கல்விப்புலத்துக்குரியதாக இருக்கட்டும் என்கிறேன். நான்கு இடங்களுக்குப் பதில் ஓரிடம் போதும். புறப்படும் முன் அவ்விடத்தைப் பற்றி எழுதப்பட்டதை மாணவர்கள் படித்திருக்க வேண்டும். மேடுகளின் மீது ஏறாமல் பார்க்கக் கற்க வேண்டும். அவ்வூர்க்காரர் ஒருவரை, மீனவரோ விவசாயியோ, பேச அழைக்க வேண்டும். சிறப்புரையாளருக்குத் தரும் மதிப்பூதியத்தை அவருக்கும் தர வேண்டும். திரும்பிய பின் எழுதுவதை அவர் படிக்கத்தக்க தெலுங்கில் அந்த ஊருக்கே அனுப்ப வேண்டும். இவற்றில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை. உணவு இடைவேளைச் செலவில் ஒரு பங்கே போதும்.

இயலாதென்றால், குறைந்தது சொல்லையாவது திருத்துவோம். அடுத்த அழைப்பிதழில் ‘அதிகம் அறியப்படாத இடங்கள்’ என்பதை நீக்கிவிட்டு, ‘நாங்கள் இதுவரை விசாரித்தறியாத இடங்கள்’ என்று அச்சிடுங்கள். உண்மை அதுதான்.