துப்பாக்கியும் காமிராவும்

பறவையை அறிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் அதைச் சுட்டு வீழ்த்த வேண்டும் என்று மனிதன் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. நம்மை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமார்களில் பலர் அப்படித்தான் பறவை சாஸ்திரம் பயின்றார்கள். தோலை உரித்து, உள்ளே பஞ்சை அடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திவிட்டால் ஆராய்ச்சி பூர்த்தியாயிற்று! நம் ராஜாக்களும் ஜமீன்தார்களும் அவர்களிடமிருந்து இந்தத் துப்பாக்கி வித்தையை வெகு சிரத்தையுடன் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே இங்கிலாந்தில், காமிராவைத் தோளில் தூக்கிக்கொண்டு பறவைகளைத் தேடிப் புறப்பட்ட இரு சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களிடமல்லவா நாம் பாடம் கேட்டிருக்க வேண்டும்?

ரிச்சர்டு கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்பவையே அவர்களுடைய பெயர்கள். யார்க்ஷயர் மலைப்புறத்திலுள்ள த்வெயிட் என்னும் சிறு கிராமத்தில், மூத்தவர் 1862-லும் இளையவர் 1871-லும் பிறந்தார்கள். ரிச்சர்டு சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்ததால் ஆயுள் முழுவதும் கால் ஊனத்துடன் நடந்தவர். எழுதுவது அண்ணன் வேலை. படம் பிடிப்பது தம்பி வேலை. 1892-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒரு கூட்டையும் அதிலிருந்த முட்டைகளையும் படம் பிடித்து, செர்ரி இந்தத் தொழிலைத் தொடங்கினார். 1895-ல் இருவரும் சேர்ந்து, பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிப் புகைப்படங்களுடன் ஒரு புஸ்தகமே வெளியிட்டார்கள்.

மறு வருஷம், அதாவது 1896-ல், அவர்கள் ஸெயின்ட் கில்டாவுக்குப் பிரயாணமானார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரைட்ஸ் தீவுகள் இருக்கின்றன. அவற்றையும் தாண்டிச் சுமார் 40 மைல் அட்லாண்டிக் சமுத்திரத்துக்குள் போனால் இந்தத் தீவுக் கூட்டம் தென்படும். கடலிலிருந்து ஏறக்குறைய 1,400 அடி உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவர்கள். அவற்றின் இடுக்குகளில் எல்லாம் கானெட், புல்மார், பஃபின் என்னும் கடற்பறவைகள். அக்காலத்துக் காமிராவோ மரப்பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள் என்று ஒரு குடித்தனச் சாமானைப்போல் இருக்கும். ஒரு படத்துக்கு ஒரு தகடு. தகடு உடைந்தால் பட்ட பாடெல்லாம் வீண். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு, கயிற்றைப் பிடித்துச் செங்குத்தான பாறையில் இறங்க வேண்டும். கூட்டை நெருங்கினால் புல்மார் குஞ்சு வயிற்றிலிருக்கும் நாற்றமெடுத்த எண்ணெயை வந்தவர் மேல் உமிழ்ந்து உபசரிக்கும்!

அந்தத் தீவு ஜனங்களுக்குப் பறவைதான் ஜீவனம். அதன் இறைச்சி உணவாயிற்று. எண்ணெய் விளக்குக்கு ஆயிற்று. இறகோ நிலச்சுவான்தாருக்குக் குத்தகையாகப் போயிற்று. பாறையில் உயிரைப் பணயம் வைத்தவன் ஒருவன், இறகு மெத்தையில் படுத்தவன் வேறொருவன். இந்தக் கதை நமக்குப் புதிதா, என்ன? நாளடைவில் ஜனங்கள் குறைந்து, கடைசியாக மிஞ்சிய 36 பேரும் தங்கள் வேண்டுகோளின் பேரிலேயே 1930-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி தீவை விட்டு வெளியேறினார்கள். இன்று அது பறவைகளின் ராஜ்யம்.

ஆனால் அந்த ராஜ்யத்திலிருந்து ஒரு பறவை என்றென்றைக்கும் போய்விட்டது. பறக்கத் தெரியாத 'பெரிய ஆக்' என்னும் பறவை அது. 1840-ஐ ஒட்டி ஸெயின்ட் கில்டாவில் ஒன்று பிடிபட்டதாம். புயலைக் கிளப்பிய சூனியக்காரி அதுவே என்று அஞ்சி, அடித்துக் கொன்றுவிட்டார்களாம். 1844-ல் ஐஸ்லாந்துக்கு அருகிலுள்ள எல்டே தீவில், அறியப்பட்ட கடைசி ஜோடியையும், பாடம் செய்து விற்பதற்காகக் கொன்றார்கள். பாரிஸ் நகரில் தாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-ல். இடையில் ஐந்தே வருஷங்கள்! காமிரா பிறந்துவிட்டது, ஆயினும் உயிருள்ள பெரிய ஆக்கின் படம் ஒன்றுகூட உலகில் இல்லை. துப்பாக்கியும் தடியும் முந்திக்கொண்டன.

அப்படியானால், படம் பிடித்துவிட்டால் பறவை பிழைத்துவிடுமா? அதுவும் இல்லை. செர்ரி கியர்ட்டன் பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலுள்ள டாஸன் தீவுக்குப் போய், அங்கே லட்சக்கணக்கில் வாழ்ந்த பெங்குவின்களைப் பற்றி 1930-ல் ஒரு நூல் வெளியிட்டார். படித்தவர்கள் சிரித்து மகிழ்ந்தார்கள். ஆனால் முட்டைகளை வாரிச் சென்றவர்களும், வளை தோண்ட உதவிய எச்சப் படிவத்தை எருவுக்காகச் சுரண்டியவர்களும், மத்தியையும் நெத்திலியையும் வலைபோட்டு அள்ளியவர்களும் நிற்கவில்லை. 2024-ல் அந்த இனம் அழிவின் விளிம்பில் நிற்பதாக அறிவிக்கப்பட்டது. கூடு கட்டும் ஜோடிகள் மொத்தம் 10,000-க்கும் குறைவு. படம் சாட்சி சொல்லும். தீர்ப்பு அளிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைபேசிக்குள் ஒரு காமிரா இருக்கிறது. ஆகையால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒன்று சொல்லிவைப்பது நல்லது. கடற்பறவைகளில் பல, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். படம் எடுக்கும் ஆசையில் நாம் கூட்டை நெருங்கினால் தாய் பதறிப் பறந்துவிடும். அந்தக் கணத்துக்காகவே காத்திருக்கும் கடற்காக்கை முட்டையைக் கவ்விக்கொண்டு போகும். அந்த ஜோடிக்கு அந்த வருஷமே பாழ். கியர்ட்டன் சகோதரர்கள் பறவை மிரளாமல் இருப்பதற்காக, தோலால் செய்த பொய்க்காளை ஒன்றின் வயிற்றுக்குள் ஒளிந்து படம் பிடித்தவர்கள். நாம் காளைக்குள் புக வேண்டியதில்லை. நாலடி தள்ளி நின்று, கொஞ்சம் பொறுமையாக இருந்தால் போதும். படம் சற்றுச் சிறிதாக விழலாம், பறவை பிழைத்திருக்கும்.