பிறந்த மாதமும் பிள்ளையின் குணமும்



இராசி பலனில் தங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று கூறும் படித்த இளைஞர்கள் சிலர், வேறொரு வழியாக அதே வாசலுக்கு வந்து நிற்கின்றனர். "கோள்கள் மனிதனை ஆட்டிப் படைக்கின்றன என்பது பொய்யாகவே இருக்கட்டும். ஆனால், இன்ன மாதத்தில் பிறந்தவர் இன்ன குணத்தினர் என்பதற்கு இயற்கையான காரணம் ஏதேனும் இருக்கலாம் அல்லவா? குளிர்காலத்தில் பிறந்த குழந்தையும் கோடையில் பிறந்த குழந்தையும் ஒரே விதமாகவா வளரும்?" என்று வினவுகின்றனர். வினா நியாயமானதே. 'கூடாது' என்ற ஒற்றைச் சொல்லால் வாயடைத்து அனுப்பிவிடுவது முறையாகாது. ஆராய்ந்தே விடை காண்போம்.

'எனக்கு அப்படியே பொருந்துகிறதே!' என்னும் வியப்பிலிருந்துதான் இந்த ஐயம் எழுகிறது. 1948-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் பேராசிரியர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு நடத்தினார். பின்னர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாளைத் தந்து, 'இது உமது குணச் சித்திரம். எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடுக' என்றார். சராசரி 4-ஐத் தாண்டியது. உண்மையில் அனைவருக்கும் தரப்பட்டது ஒரே வாசகம்! அதன் வரிகளும் பெரும்பாலும் கடையில் விற்ற ஒரு சோதிட நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. எல்லோருக்கும் பொருந்துவதை நமக்கு மட்டுமே உரியதென்று கொள்வது மனித மனத்தின் இயல்பு.

1985-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் ஷான் கார்ல்சன் என்பவரின் சோதனை வெளியாயிற்று. சோதிடர்களிடம் ஒருவருடைய ஜாதகத்தையும், மூவரின் குணநல அறிக்கைகளையும் கொடுத்து, ஜாதகருக்கு உரிய அறிக்கை எது எனக் கேட்டனர். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றில் ஒன்று சரியாக அமையும். தேர்ந்த சோதிடர்களும் அந்த அளவையே எட்டினர்.

அப்படியாயின் பிறந்த மாதத்தால் யாதொரு விளைவும் இல்லையா? உண்டு, அதை மறைப்பது நேர்மையன்று. வடநாட்டுக் குளிர்ப் பிரதேசங்களில் குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் பிறந்தவர்களிடையே மனச்சிதைவு நோய் மிகச் சிறிதளவு கூடுதலாகக் காணப்படுகிறது. கருவுற்ற தாய்க்கு வரும் தொற்றுநோயும், வெயிற் குறைவும் காரணமாகலாம் எனக் கருதுகின்றனர். ஆனால் இதனைக் கொண்டு எந்த ஒரு தனி மனிதரின் குணத்தையும் சொல்லிவிட முடியாது.

இதனினும் தெளிவாகக் காணப்படுவது பள்ளிக்கூடத்தின் விளைவு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பள்ளிச் சேர்க்கைக்குரிய வயதை டிசம்பர் 31-ஐக் கொண்டு கணக்கிடுவர். எனவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும், ஏறத்தாழ ஓராண்டு இளையதான டிசம்பர்ப் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். அங்கு ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் விவரங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். ஜனவரியில் பிறந்தவர்களைவிட டிசம்பரில் பிறந்த ஆண் பிள்ளைகளில் 30 விழுக்காடும், பெண் பிள்ளைகளில் 70 விழுக்காடும் அதிகமானோர், கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் உடையவர்கள் என மருத்துவர்களால் முத்திரை குத்தப்பட்டிருந்தனர். வயதிற் சிறியதாயிருந்த ஒன்றையே 'கோளாறு' எனக் கருதிவிட்டனர்!

இது வானத்தின் வேலையா? அல்ல. இங்கிலாந்தில் பள்ளிக் கணக்கு செப்டம்பரில் தொடங்குகிறது. அங்கு வகுப்பின் கடைக்குட்டி ஆகஸ்டில் பிறந்த பிள்ளை. வானம் ஒன்றுதான், பள்ளிப் பதிவேடு வேறு. பதிவேட்டின் தேதி மாறினால் விளைவும் உடன் மாறுகிறது.

வேறொரு செய்தி இன்னும் சிந்திக்கத்தக்கது. 1978-இல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற உளவியலாளர் ஐசென்க்கும் அவருடன் சேர்ந்தோரும் வெளியிட்ட ஆய்வில், சில இராசியினர் கலகலப்பானவர்களாகவும் வேறு சில இராசியினர் ஒதுங்கி நிற்பவர்களாகவும் சற்றே வேறுபட்டுத் தெரிந்தனர். சோதிடர்கள் மகிழ்ந்தனர். ஆனால், இராசிகளின் குணங்களைப் பற்றி ஏதுமறியாதவர்களையும் சிறுவர்களையும் சோதித்தபோது அவ்வேறுபாடு மறைந்து போயிற்று. தம் இராசிக்கு இன்ன குணம் என்று கேட்டு அறிந்தவர்களே, தம்மை அவ்வாறு எண்ணிக் கொண்டிருந்தனர்! நாம் தேடிய 'இயற்கைக் காரணம்' இதுவே. நட்சத்திரம் செய்யாததைச் சொல் செய்துவிடுகிறது.

நம் இல்லங்களையும் இவ்விடத்தில் நோக்க வேண்டும். பால் கிதாபு பார்ப்போரும், பெயரின் எழுத்துகளை அப்ஜத் கணக்கில் கூட்டி நட்சத்திரம் சொல்வோரும் நம்மிடையே இல்லாமலில்லை. ஸஃபர் மாதம் பீடை மாதம் என்று அஞ்சி, ஒடுக்கத்துப் புதனன்று முஸீபத்து நீங்க வழி தேடுவோரும் உளர். இவர்களில் எவரேனும் 'இதற்கும் பருவநிலை காரணமாகலாம்' என்பாராயின், அவர் ஒன்றைக் கவனிக்கட்டும். நம் ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைவு. ஆகவே ஸஃபர் மாதம் ஏறக்குறைய 33 ஆண்டுகளில் கோடை, மழை, பனி ஆகிய எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடுகிறது. நிலையான பருவமே இல்லாத மாதத்திற்குப் பருவத்தால் வரும் குணம் ஏது?

ஸஃபரில் பீடை உண்டென்ற அறியாமைக் கால எண்ணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துள்ளார்கள். ஹிஜ்ரி 10-இல் (கி.பி. 632) அன்னாரின் அருமை மைந்தர் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. குழந்தையின் மரணத்திற்காகவே கதிரவன் இருண்டதென மக்கள் பேசிக் கொண்டனர். துயரத்தில் இருந்த அந்தத் தந்தையோ அதை ஏற்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் அவற்றிற்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றும் தெளிவுபடுத்தினார்கள். மருத்துவ மேதை இப்னு ஸீனா சோதிடத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். வானத்தை அளப்பது வேறு, அதைக் கொண்டு விதியைச் சொல்வது வேறு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

பெற்றோர்களே! 'இவன் பிறந்த நேரம், வாப்பாவின் வியாபாரம் நொடித்தது' என்று குழந்தையின் காதுபடப் பேசும் வீடுகள் இன்றும் உள்ளன. கடன் வாங்கியவர் பெரியவர்; கணக்குப் பிழைத்தவரும் பெரியவர்; பழி மட்டும் தொட்டிலில் கிடந்த பச்சிளங் குழந்தைக்கா? அச்சொல்லைக் கேட்டே வளரும் பிள்ளை, தன்னை முஸீபத்தாகவே கருதத் தொடங்கும். பின்னர் அதன் சோர்வையும் முரட்டுத்தனத்தையும் சுட்டிக் காட்டி, 'பார்த்தீர்களா, சொன்னபடியே ஆயிற்று' என்போம். பலித்தது பலனன்று, நம் நாவு.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு பிள்ளையை 'மந்தம்' என்று எண்ணுமுன், அதன் பிறந்த தேதியை ஒருமுறை பாருங்கள். இராசி அறிவதற்காக அன்று, வகுப்பில் அது எத்தனை மாதம் இளையது என்று அறிவதற்காக. அச்சிறு பொறுமையால் ஒரு குழந்தையின் வாழ்வு நேராகலாம். நம் நாவுகளை நம் பிள்ளைகளுக்கு நன்மையாக்கி வைக்க வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக!