கண் இமைக்காத காவல்காரன்!

கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்குகிறோம். பிரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். "இதில் இரும்புத் துகள் இருக்குமோ? எடை குறையுமோ?" என்று யாரும் யோசிப்பது இல்லை.

"யாரோ பார்த்துத்தான் அனுப்பி இருப்பார்கள்" என்ற நம்பிக்கை!

அந்த "யாரோ" யார்? பெரிய தொழிற்சாலைகளில் இன்று அந்தக் காவல் வேலையை எந்திரம் செய்கிறது.

மனிதனால் முடியாது

குளிர்பானத் தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேகமான எந்திர வரிசையில் நிமிடத்துக்கு 2,000 டப்பாக்கள் வரை ஓடும். வினாடிக்கு 33! கண்ணை ஒரு முறை இமைத்துத் திறப்பதற்குள் மூன்று நான்கு டப்பாக்களாவது ஓடிப் போய்விடும்.

மெதுவாக ஓடினாலும் மனிதக் கண் களைத்துவிடும். இங்கிலாந்தில் நார்மன் மாக்வொர்த் என்ற அறிஞர் இதைச் சோதித்தார். கடிகாரம் போன்ற ஒரு கருவி. அதில் முள் ஒவ்வொரு படியாக நகரும். எப்போதாவது ஒரு முறை இரண்டு படி தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை!

அரை மணி நேரத்துக்குள்ளேயே பார்ப்பவர்கள் கோட்டை விடத் தொடங்கினார்கள். 1948-ல் அவர் இதை வெளியிட்டார். அது சோம்பல் அல்ல. மனித மூளையின் இயல்பு.

மூன்று காவல்

எந்திரம் எப்படிப் பார்க்கிறது?

முதல் காவல், தராசு. பாக்கெட் ஓடும் பட்டைக்கு அடியிலேயே தராசு இருக்கிறது. நிற்காமல், ஓடிக்கொண்டே எடை போடும். எடை குறைந்தால் பக்கத்தில் இருந்து காற்று "புஸ்" என்று பாய்ந்து, அந்தப் பாக்கெட்டை மட்டும் வெளியே தள்ளிவிடும்.

இரண்டாவது காவல், காமிரா. மின்னல்போல ஒரு வெளிச்சம், ஒரு படம். மாத்திரை அட்டையில் பத்துக் குழியிலும் மாத்திரை இருக்கிறதா? உடைந்திருக்கிறதா? தேதி அச்சாகி இருக்கிறதா? ஒரு நொடிக்குள் தீர்ப்பு! கோடு கோடாக இருக்கும் பார்கோடையும் அது படிக்கும். கடலை பிஸ்கட்டுக்கு வேறு பிஸ்கட்டின் உறை போட்டுவிட்டால் பிடித்துக் கொடுக்கும். இது சின்ன விஷயம் அல்ல. சிலருடைய உடம்புக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. அவர்களுக்கு உறை மாறினால் உயிருக்கே ஆபத்து!

மூன்றாவது காவல், உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவி. அலுமினிய உறை போட்ட பாக்கெட்டுகளில் இது தடுமாறும். அங்கே எக்ஸ்ரே வருகிறது. 1895-ல் ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே எக்ஸ்ரேதான். ஆஸ்பத்திரியில் எலும்பைக் காட்டும் கதிர், இங்கே கல்லையும் கண்ணாடித் துண்டையும் காட்டிக் கொடுக்கிறது.

தெரியாததும் உண்டு

"அப்படியானால் இனிக் கவலை இல்லை" என்று நினைக்கலாமா? கூடாது!

எக்ஸ்ரேக்குத் தலைமுடி தெரியாது. மெல்லிய பிளாஸ்டிக் துண்டும் தெரியாது. மாத்திரை குழியில் இருக்கிறது என்று காமிரா சொல்லும். அந்த மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதை ஆய்வுக்கூடத்தில்தான் சோதிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கருவியைக் கடுமையாக வைத்தால் நல்ல பாக்கெட்டுகளையும் சேர்த்துத் தள்ளும். அது முதலாளிக்கு நஷ்டம். "கொஞ்சம் தளர்த்தி வை" என்று சொல்லத் தோன்றும். தளர்த்தினால் கெட்டதும் உள்ளே போகும்.

எந்திரத்துக்கு ஆசை கிடையாது. அதன் திருகைத் திருப்பும் கைக்கு ஆசை வரலாம்!

எனவே, காவல்காரனுக்கும் ஒரு காவல் வேண்டும். நல்ல தொழிற்சாலைகளில் சிறு இரும்புக் குண்டு வைத்த பாக்கெட்டை அவர்களே வேண்டும் என்று அனுப்பி, கருவி பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். தள்ளிய பாக்கெட்டுகளைப் பூட்டிய பெட்டியில் போட்டு எண்ணுகிறார்கள். இந்தப் பழக்கம் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் வர வேண்டும். சோதித்த கணக்கை அதிகாரிகள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எந்திரம் வாங்கிய ரசீதைப் பார்த்துத் திருப்தி அடைந்தால் போதாது.

கடைசிக் காவல்

எடைக்கும் சட்டம் இருக்கிறது. 2011-ம் ஆண்டு விதிகளின்படி, 500 கிராம் என்று அச்சிட்ட பாக்கெட்டில் 15 கிராம் வரை குறையலாம். ஆனால், மொத்தப் பாக்கெட்டுகளின் சராசரி 500 கிராமுக்குக் குறையக் கூடாது. எல்லாப் பாக்கெட்டிலும் பத்துப் பத்து கிராமாகக் குறைத்துவிட்டு, எந்திரத்தின் மேல் பழி போட முடியாது!

மருந்துக்கும் ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. அதிகம் விற்கும் 300 வகை மருந்துகளின் உறையில் 1-8-2023 முதல் பார்கோடு அல்லது கியூ.ஆர். கட்டம் இருக்க வேண்டும். செல்போனால் அதைப் படித்தால் மருந்தின் பெயர், தயாரித்தவர், காலாவதி தேதி எல்லாம் தெரியும்.

தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு பாக்கெட் வெயிலில் கிடக்கலாம், எலி கடிக்கலாம். அங்கே எந்த எந்திரமும் இல்லை. அங்கே காவல் நீங்கள்தான்!

தேதியைப் படியுங்கள். உறை கிழிந்திருந்தால் வாங்காதீர்கள். மாத்திரை அட்டையின் குழி காலியாக இருந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். எடையில் சந்தேகம் வந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லுங்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். எந்திரம் விட்டதை நீங்கள் பிடித்துவிடலாம்!