மடை ஒருவர் கையில், கரை ஒருவர் பொறுப்பில்

பொருளாதாரம் கற்ற ஒருவரிடம் பொக்கிஷத்தின் சாவியைக் கொடுத்துவிட்டால் தேசத்தின் கவலையெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரியென்று அறிய விரும்பும் நேயர்கள் டாக்டர் ஜான் மத்தாயின் வாழ்க்கையைச் சற்றே கவனிக்க வேண்டும்.

1886-ஆம் வருஷம் பிறந்தவர் அவர். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் பயின்று, பின்னர் லண்டன் பொருளாதாரக் கலாசாலைக்குச் சென்றார். அங்கே அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக் கொண்ட விஷயம் நம் நாட்டுக் கிராம ஆட்சி. பஞ்சாயத்து, பள்ளிக்கூடம், சுகாதாரம், ஊர்க்காவல், பொது மராமத்து இவற்றையெல்லாம் நமது கிராமங்கள் பண்டைக் காலத்தில் எவ்வாறு நடத்தி வந்தன என்பதை விளக்கும் அந்நூல் 1915-இல் வெளியாயிற்று. தாயகம் திரும்பிச் சென்னையில் பொருளாதாரப் பேராசிரியரானார். 1925 முதல் இந்தியச் சுங்க வரி போர்டில் அங்கத்தினராகவும், பிறகு தலைவராகவும் இருந்தார். 1940-இல் டாட்டா கம்பெனியில் சேர்ந்தார். 1944-இல் வெளியான 'பம்பாய்த் திட்ட'த்தில் கையொப்பமிட்ட எண்மரில் அவரும் ஒருவர். பதினைந்து வருஷத்தில் 10,000 கோடி ரூபாய் செலவிட்டு, ஜனங்களின் தலைக்கு வருமானத்தை இரு மடங்காக்க வேண்டும் என்பது அத்திட்டம்.

1946-இல் அமைந்த இடைக்கால சர்க்காரில் நிதி இலாகா முதலில் அவரிடமே இருந்தது. அக்டோபரில் முஸ்லிம் லீக் உள்ளே வந்ததும், அது லியாகத் அலிகானுக்குப் போயிற்று. சுதந்திரம் வந்தபோது ரயில்வே இலாகாவை ஏற்றார். பிரிவினையால் வீடு வாசல் இழந்த லட்சக்கணக்கானோரை ரயில்கள் சுமந்து வந்த கொடிய நாட்கள் அவை. 1948-இல் நமது ஆர். கே. ஷண்முகம் செட்டியார் பதவி விலகிய பின், நிதி இலாகா மறுபடியும் மத்தாயிடம் வந்தது. அவர் காலத்தில்தான், 1949 ஜனவரி முதல் தேதி, ரிசர்வ் பாங்கு தேசத்தின் உடைமையாயிற்று. அவ்வருஷம் செப்டம்பரில் பிரிட்டிஷ் பவுன் மதிப்பிறங்க, ரூபாயும் உடன் இறங்கியது. ஏறக்குறைய மூன்று ரூபாய் ஐந்தணாவுக்குக் கிடைத்த அமெரிக்க டாலருக்கு நாலே முக்கால் ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. 1950 பிப்ரவரி 28-ஆம் தேதி குடியரசின் முதல் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தவரும் அவரே.

அடுத்த மாதம் திட்டக் கமிஷன் பிறந்தது. பிரதம மந்திரி நேருவே அதன் தலைவர். சில வாரங்களில் மத்தாய் ராஜிநாமா செய்தார். பாகிஸ்தானுடன் ஏப்ரலில் செய்துகொண்ட ஒப்பந்தமும் அவருக்கு உடன்பாடாக இல்லை. ஆயினும் கமிஷனைப் பற்றி அவர் எழுப்பிய ஆட்சேபமே இன்றளவும் நினைக்கப்படுகிறது. திட்டத்தில் கையொப்பமிட்டவர் திட்டக் கமிஷனை வெறுப்பானேன் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அவர் வெறுத்தது திட்டத்தையன்று. கமிஷன் மற்றொரு மந்திரி சபைபோல் ஆகிவிடும், நிதி இலாகாவின் அதிகாரம் தளர்ந்துவிடும் என்பதே அவருடைய கவலை. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. சமணர் மலை அடிவாரத்திலுள்ள எங்கள் கீழக்குயில்குடிப் பக்கத்துச் சம்சாரி எவரைக் கேட்டாலும் சொல்வார். கண்மாயின் மடையைத் திறக்கும் அதிகாரம் ஒருவரிடம், கரை உடைந்தால் பதில் சொல்லும் கடமை இன்னொருவரிடம் என்று பிரித்துவிட்டால், அந்தக் கண்மாய் எத்தனை நாள் தாங்கும்? வரி விதித்த பழியைச் சுமந்து பார்லிமெண்டின் முன் நிற்பவர் நிதி மந்திரி. செலவை நிர்ணயிப்பவர் மட்டும் வேறிடத்தில் இருக்கலாமா?

மறுபக்கத்தையும் சொல்வதே நியாயம். அன்று வறுமை பெரிது, பணம் சொற்பம். ஒவ்வொரு இலாகாவும் தன் தேவையை மட்டும் பார்த்தால் தேசம் முழுவதற்கும் கணக்குப் போடுவது யார்? ஐந்தாண்டுத் திட்டங்கள் நடந்த காலத்தில்தான், 1959-இல், நம் மதுரைச் சீமைக்கு வைகை அணை கிடைத்தது. மத்தாய்க்குப் பின் நிதி மந்திரியான சி. டி. தேஷ்முக் கமிஷனிலும் அங்கத்தினராக இருந்தார் என்பதைக் காணும்போது, ஆட்சேபத்தின் நியாயம் அடியோடு வீணாகவில்லை என்றே கொள்ளலாம். பன்னிரண்டு திட்டங்களைக் கண்ட கமிஷன் 2014-இல் முடிவெய்தியது. 2015-இல் அதன் இடத்துக்கு வந்த நீதி ஆயோகுக்கு மாகாணங்களுக்குப் பணம் பங்கிடும் அதிகாரம் இல்லை.

பதவியை விட்ட மத்தாய் பகை பாராட்டி ஒதுங்கிவிடவில்லை. 1953-இல் நியமிக்கப்பட்ட வரி விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை வகித்தார். 1955-இல் பாரத ஸ்டேட் பாங்கின் முதல் தலைவரானார். பம்பாயிலும் கேரளத்திலும் சர்வகலாசாலைத் துணைவேந்தராகப் பணி புரிந்து, 1959-இல் காலமானார்.

அபிப்பிராய பேதத்தை வெளிப்படையாகச் சொல்லிப் பதவி விலகுவதும், விலகிய பின்னும் அழைத்த வேலைக்கு மனங்கோணாமல் வருவதும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பது அபூர்வம். பொருளாதார நூல்களில் இதற்கு அத்தியாயம் கிடையாது. இன்றைக்கு நிதி இலாகாவுக்கு நிபுணரைத் தேடுவோர், அவருடைய பட்டங்களை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாமல், வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேளையில் அதைச் சொல்லக் கூடியவரா என்பதையும் விசாரித்துக் கொள்வது நலம்.